பேனலில் கரண்ட் வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயங்கள்

பெங்களூரில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மெண்டுக்குப் போனாலும் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்றாவது சுவரோரம் நிற்கும். தண்ணீர் பம்புக்கு ஒன்று, கழிவுநீர் சுத்திகரிப்புக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு மாற்ற ஒன்று. தொழிற்சாலை என்றால் கேட்கவே வேண்டாம், மெஷினுக்கு ஒரு பெட்டி. இந்தக் கண்ட்ரோல் பேனல்கள் உருவாகும் முக்கியமான இடங்களில் பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையும் ஒன்று. ஜாலஹள்ளி கிராஸிலிருந்து உள்ளே திரும்பினால் தகடு வளைக்கும் பட்டறை ஒரு தெருவில், பவுடர் கோட்டிங் அடுத்த தெருவில், வயரிங் ஷெட் அதற்கும் அடுத்ததில். டிராயிங் ஆங்கிலத்தில் இருக்கும், சூப்பர்வைசர் கன்னடத்தில் பேசுவார், வயர் இழுக்கிற இடத்தில் தமிழ் கேட்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பக்கம் ஐடிஐ முடித்துவிட்டு பஸ் ஏறியவர்கள் இந்தத் தொழிலில் நிறைய.

பேனல் முடிந்ததும் கதவைத் திறந்து வைத்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது இங்கே வழக்கம். வயர்கள் இணையாக ஓடும், வளைவுகள் ஒரே அளவில் இருக்கும், வயர் முனைகளில் மாட்டும் ஃபெரூல் எண்கள் எல்லாம் ஒரே திசையில் படிக்கும்படி நிற்கும். டிரெஸ்ஸிங் நன்றாக இருந்தால் வயர்மேனுக்கு நல்ல பெயர். வாங்குகிறவரும் அதைப் பார்த்துத்தான் திருப்தி அடைகிறார். இந்த மதிப்பீடு பாதிதான் சரி என்பேன். ஒழுங்காக இழுத்த வயரிங்கில் தவறைக் கண்டுபிடிப்பது சுலபம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பேனல் தீப்பிடிக்குமா, ஆளை அடிக்குமா என்பதைத் தீர்மானிக்கிற விஷயங்களில் பெரும்பாலானவை போட்டோவில் விழாது. வயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோக லக்குக்குள் எத்தனை இழை போயிருக்கிறது, ஸ்க்ரூ எவ்வளவு இறுகியிருக்கிறது, கரண்ட் மிஞ்சினால் தானாகத் துண்டிக்கும் எம்சிபி எவ்வளவு ஷார்ட் கரண்ட்டைத் தாங்கும், மெயினை அணைத்த பிறகும் எந்த டெர்மினலில் உயிர் இருக்கும்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாது.

பேனல் செய்யும்போது அதில் கரண்ட் இல்லை என்பது இன்னொரு சிக்கல். மேஜைமேல் கிடப்பது வெறும் இரும்பும் செம்பும் பிளாஸ்டிக்கும். தகடு கையைக் கிழிக்கும், டிரில் போடும்போது கண்ணில் தூள் விழும், அவ்வளவுதான் ஆபத்து என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. உண்மையான ஆபத்து வேறு ஒருவருக்கு, வேறு ஊரில், சில வருடம் கழித்து வருகிறது. ராய்ச்சூரிலோ ஓசூரிலோ இரவு ஷிஃப்டில் மோட்டார் டிரிப் ஆகிவிட்டதென்று கதவைத் திறக்கிற எலெக்ட்ரீஷியனுக்கு. பேனலை வயரிங் செய்தவர் அவரைப் பார்க்கப்போவதே இல்லை.

வயரைத் தொடுவதற்கு முன்பே, பொருள் வாங்கும்போதே முதல் தப்பு நடக்கலாம். எஸ்.பி. ரோடு எலெக்ட்ரிக்கல் கடையில் எம்சிபி கேட்பவர் “32 ஆம்பியர், சி கர்வ்” என்பார். அது சரி. ஆனால் எம்சிபியின் முகத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் 6000 என்றோ 10000 என்றோ அச்சிட்டிருக்கும். ஷார்ட் ஆனால் அந்த எம்சிபி வெடிக்காமல் துண்டிக்கக்கூடிய கரண்ட் அத்தனை ஆம்பியர். அது போதுமா இல்லையா என்பதைப் பேனல் எங்கே நிற்கப்போகிறது என்பதுதான் சொல்லும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 415 வோல்ட். முழு லோடில் ஏறக்குறைய 695 ஆம்பியர் தரும். அதன் உள் மின்தடுப்பான இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்று பெயர்ப்பலகையில் போட்டிருந்தால், 695-ஐ 0.045-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 15,500 ஆம்பியர் வரும். டிரான்ஸ்ஃபார்மர் டெர்மினலில் மூன்று பேஸும் ஒட்டிக்கொண்டால் பாயக்கூடிய கரண்ட் அது. நீளமான, மெல்லிய கேபிள் வழியாகப் போகும்போது இது வேகமாகக் குறையும். ஆனால் பேனல் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டியே நின்றால், 10000 என்று போட்ட எம்சிபி அங்கே போதாது. 25 அல்லது 36 கிலோ ஆம்பியர் தாங்கும் எம்சிசிபி என்ற பெரிய வகை பிரேக்கர் வேண்டும். இல்லையென்றால், எம்சிபிக்கு மேலே அதைக் காப்பாற்றக்கூடிய எம்சிசிபியையோ ஃபியூஸையோ போட வேண்டும், அதுவும் தயாரித்த கம்பெனியே சோதித்து அட்டவணையில் கொடுத்திருக்கிற ஜோடியாக இருக்க வேண்டும். பட்டறையில் இந்தக் கணக்கு அபூர்வம். வாடிக்கையாளரிடம் “டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு, எத்தனை மீட்டர் தூரம்” என்று ஒரே ஒரு போன் செய்தால் கிடைக்கிற தகவல்.

ஷார்ட் கரண்ட் என்றதும் பெங்களூர்க்காரர்கள் சிபிஆர்ஐ பெயரைச் சொல்வார்கள். 1960-ல் தொடங்கிய மத்திய மின் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் இதே ஊரில், சதாசிவநகர் பக்கம். பீனியாவிலிருந்து சில கிலோமீட்டர்தான். “சிபிஆர்ஐ டைப் டெஸ்ட் ஆனது” என்ற வாசகம் நாடு முழுக்க டெண்டர்களில் இருக்கும். பேனலுக்குள் கரண்ட்டைப் பகிரும் செம்புப் பட்டையான பஸ்பாரில் ஷார்ட் கரண்ட்டை வேண்டுமென்றே ஓடவிட்டு, சப்போர்ட் உடைகிறதா, செம்புப் பட்டை வளைகிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனைகளில் ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் கரண்ட் ஓடும் இரண்டு பட்டைகள் ஒன்றையொன்று தள்ளும் அல்லது இழுக்கும். அந்த விசை கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கரண்ட் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. சரி, சான்றிதழ் இருக்கிறது. ஆனால் அது சோதனைக்குப் போன அந்த வடிவத்துக்கு. “இங்கே இடம் பத்தலை” என்று பஸ்பார் சப்போர்ட்டைப் பட்டறையில் கொஞ்சம் தள்ளி வைத்தால், ஃபைலில் இருக்கும் சான்றிதழுக்கும் தரையில் நிற்கும் பேனலுக்கும் சம்பந்தம் விட்டுப்போகிறது. பழைய இந்தியத் தரமான ஐஎஸ் 8623-க்குப் பதிலாக வந்த சர்வதேசத் தரமான ஐஇசி 61439 இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. வடிவமைப்பைச் சரிபார்ப்பது மூலத் தயாரிப்பாளரின் பொறுப்பு. ஒவ்வொரு பேனலையும் அந்த வடிவமைப்பின்படியே பாகம் பாகமாகப் பூட்டி, தனித்தனியாகச் சோதிப்பது பூட்டுகிறவரின் பொறுப்பு. இரண்டாவதில்தான் நம் பட்டறைகள் வருகின்றன.

பூட்டும் வேலைக்கு வருவோம். மவுண்டிங் பிளேட்டில் சாதனங்களை மாட்டும் டின் ரயிலும் வயர் ஓடும் சேனலும் அடித்து, மோட்டாருக்குக் கரண்ட்டைக் கொடுத்து நிறுத்தும் ஸ்விட்சான கான்டாக்டர்களை மாட்டிய பிறகு “ஒரே ஒரு ஓட்டைதான்” என்று டிரில் போடுவார்கள். மேல்பக்கத் தகட்டில் கேபிள் நுழையும் கிளாண்டுக்கு ஓட்டை போட்டால் இரும்புச் சுருள் நேராகக் கீழே விழும். கான்டாக்டரின் மேல் இடுக்கில் ஒன்று மாட்டிக்கொண்டால், அது சில மாதம் சும்மா இருக்கும். ஒருநாள் அதிர்வில் நகர்ந்து இரண்டு பேஸுக்கு நடுவில் நிற்கும். எல்லா ஓட்டையும் முதலில், பொருள் மாட்டுவது பிறகு. வழியே இல்லையென்றால் துணியாலோ பிளாஸ்டிக் ஷீட்டாலோ மூடிவிட்டுப் போட வேண்டும், வேக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். காற்று அடித்து ஊதினால் தூள் வெளியே போகாது, இன்னும் ஆழமாகப் போய் உட்காரும்.

இப்போது ஒரு வயரின் முனையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கண்ட்ரோல் வயரிங்குக்குப் பெரும்பாலும் 1.5 சதுர மில்லிமீட்டர் எஃப்ஆர்எல்எஸ் (தீயை எளிதில் பரவவிடாத, புகை குறைந்த) வயர். உள்ளே 0.25 மில்லிமீட்டர் தடிமனில் 30 செம்பு இழைகள் இருக்கும். கட்டரால் உரித்தால் நாலைந்து இழை அறுந்துபோவது சகஜம். அறுந்தது தெரியாது, ஏனென்றால் லக்கை மாட்டியதும் மறைந்துவிடும். அளவுக்கேற்ற ஸ்ட்ரிப்பர் இதற்குத்தான். உரித்த நீளம் குறைந்தால் இன்சுலேஷன் லக்கின் செம்புக் குழாய்க்குள் போய் நசுங்கும். பார்வைக்கு அழகாக நசுக்கிய கிரிம்ப், ஆனால் பிடித்திருப்பது பிளாஸ்டிக்கை. நீளம் கூடினால் லக்குக்குப் பின்னால் வெறும் செம்பு எட்டிப்பார்க்கும். கிரிம்பிங் டூலில் ராட்செட் இருப்பதற்கும் காரணம் உண்டு. முழு அழுத்தம் வரும்வரை அது திறக்காது. கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக்குக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கிரிம்ப் செய்த ஒவ்வொன்றையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம், செலவே இல்லாத பரிசோதனை. லக் இல்லாத அவசரத்தில் இழைகளை ஈயம் பூசி ஸ்க்ரூவில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈயம் மிருதுவான உலோகம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாக நாளாக ஒதுங்கிக்கொடுக்கும், பிடி தானாகத் தளர்ந்துவிடும்.

தளர்ந்த பிடி என்ன செய்யும்? 40 ஆம்பியர் ஓடும் டெர்மினலில் தொடுமிடத்தின் மின்தடை 20 மில்லி ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட்டின் வர்க்கம் 1,600, அதை 0.02-ஆல் பெருக்கினால் 32 வாட். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கிற சின்ன சால்டரிங் அயர்ன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எம்சிபியின் பிளாஸ்டிக் உடம்புக்குள் ஒரு சால்டரிங் அயர்ன் இரவு பகலாக எரிகிறது. சூட்டில் செம்பு கறுக்கும், கறுத்தால் மின்தடை ஏறும், அதனால் சூடு இன்னும் ஏறும். இதில் கவனிக்க வேண்டியது, இந்த மோசமான இணைப்பை எந்த எம்சிபியும் கண்டுபிடிக்காது. ஓடுவது 40 ஆம்பியர்தான், ஓவர்லோடும் இல்லை, ஷார்ட்டும் இல்லை. டிரிப் ஆக அதற்குக் காரணமே கிடையாது. பிளாஸ்டிக் உருகி ஷார்ட் ஆகும்போதுதான் அது விழித்துக்கொள்ளும்.

அதனால்தான் குறித்த அளவு விசையில் இறுக்கும் டார்க் டிரைவர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஒவ்வொரு டெர்மினலுக்கும் எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதைக் கம்பெனி கேட்டலாக்கில் தந்திருக்கும், பல சாதனங்களில் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். “கை பழகிடுச்சு சார், கரெக்டா வரும்” என்பார்கள். காலையில் இறுக்கிய கையும் ராத்திரி ஓவர்டைமில் இறுக்கிய கையும் ஒன்றா? அதிகமாக இறுக்குவதும் தப்புதான், மரை போய்விடும், இழை நசுங்கும். டார்க் வைத்து முடித்ததும் ஸ்க்ரூமேல் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் எது முடிந்தது, எது பாக்கி என்பது அடுத்த ஷிஃப்ட் ஆளுக்கும் தெரியும். அப்புறம் லாரி. தும்கூர் ரோட்டில் ஏறி எங்கோ ஒரு ஊருக்கு அதிர்ந்துகொண்டே போகிற பேனலின் பவர் ஸ்க்ரூக்களை, அங்கே கரண்ட் கொடுப்பதற்கு முன் இன்னொருமுறை பார்க்க வேண்டும். புது இழைகள் அழுத்தத்தில் கொஞ்சம் படிந்து இடம் கொடுக்கும் என்பதும் ஒரு காரணம்.

ஒரு டெர்மினலில் இரண்டு வயர் என்பது அடுத்த பிரச்சினை. இரண்டு வேறு அளவு வயரை ஒரே ஸ்க்ரூவின் கீழ் வைத்தால் தடிமனானது அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும், மெல்லியது சும்மா செருகியிருக்கும். அந்தச் சாதனம் இரண்டு வயருக்கு அனுமதி தந்திருந்தால் ஒழிய, லிங்க் போட்ட கூடுதல் டெர்மினல்தான் வழி. டெர்மினல் விலை சொற்பம். இதில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

கதவுக்கு எர்த். கதவில் விளக்கும் பட்டனும் மீட்டரும் இருக்கும், 230 வோல்ட் அங்கே போகிறது. கதவு பெட்டியோடு தொட்டுக்கொண்டிருப்பது கீல் வழியாக மட்டும், கீலில் பெயிண்டும் கிரீஸும். அதனால் தனியாகப் பச்சை வயரோ பின்னல் செம்புப் பட்டையோ கதவுக்குப் போக வேண்டும். அது போய்ச் சேரும் இடத்தில் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டியிருக்க வேண்டும், அல்லது பல் வைத்த வாஷர் போட்டிருக்க வேண்டும். பெயிண்ட்மேல் உட்கார்ந்த லக் எர்த் அல்ல. எர்த் கம்பியின் அளவுக்குப் பொது விதி ஒன்று உண்டு. பேஸ் 16 சதுர மில்லிமீட்டர் வரை எர்த்தும் அதே அளவு, 16 முதல் 35 வரை 16, அதற்கு மேல் பேஸில் பாதி.

நிறம் விஷயத்தில் பெங்களூர்ப் பட்டறைகளுக்கு ஒரு தனித் தலைவலி இருக்கிறது. நம் நாட்டுப் பழக்கத்தில் பேஸ்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கறுப்பு. பீனியாவிலும் பொம்மசந்திராவிலும் ஓடும் மெஷின்களில் ஐரோப்பாவிலிருந்து வந்தவை உண்டு, அவற்றில் பேஸ்கள் பழுப்பு, கறுப்பு, சாம்பல். நியூட்ரல் வெளிர் நீலம். இங்கே நியூட்ரலாக இருக்கும் கறுப்பு அங்கே பேஸ், இங்கே பேஸாக இருக்கும் நீலம் அங்கே நியூட்ரல். கண்ட்ரோல் வயரிங்கில் வேறு ஒரு வரிசை. மெஷின்களுக்கான ஐஇசி 60204-ன்படி ஏசி கண்ட்ரோல் சிவப்பு, டிசி கண்ட்ரோல் நீலம். இறக்குமதி மெஷினுக்கு நம்மாள் ஒரு கூடுதல் பேனலைச் செய்து இணைக்கிறபோது, ஒரே டெர்மினல் வரிசையின் இரு பக்கமும் நீல வயர் இருக்கும், அர்த்தம் மட்டும் வேறு. நிறத்தை நம்பி யாரும் கை வைக்கக்கூடாது, டிராயிங்கும் மீட்டரும்தான் சாட்சி. எந்த வரிசையைப் பின்பற்றியிருக்கிறோம் என்று கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

கண்ட்ரோல் சர்க்யூட்டில் வேலை செய்கிறது என்பதற்கும் பாதுகாப்பானது என்பதற்கும் இடையே உள்ள தூரம் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தரும். ஒரு மோட்டார் ஸ்டார்ட்டரை எடுத்துக்கொள்வோம். கான்டாக்டரை இழுத்துப் பிடிக்கும் காயிலுக்கு ஏ1, ஏ2 என்று இரண்டு முனை. ஸ்டாப் பட்டனை ஏ1 பக்கம், பேஸ் வரும் வழியில் வைத்தாலும் மோட்டார் நிற்கும். ஏ2 பக்கம், நியூட்ரலுக்குப் போகும் வழியில் வைத்தாலும் நிற்கும். பட்டறையில் சோதித்தால் இரண்டும் பாஸ்.

இப்போது கதவுக்குப் போகும் வயர் தகட்டின் விளிம்பில் உரசி, இன்சுலேஷன் கிழிந்து பெட்டியைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். ஸ்டாப் பட்டன் பேஸ் பக்கம் இருந்தால், பேஸ் எர்த்தைத் தொட்டு கண்ட்ரோல் எம்சிபி விழும். மோட்டார் நிற்கும். யாரோ திட்டிக்கொண்டே வந்து சரிசெய்வார்கள். பட்டன் நியூட்ரல் பக்கம் இருந்து, காயிலுக்கும் பட்டனுக்கும் நடுவே உள்ள வயர் பெட்டியைத் தொட்டால், நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரிலேயே எர்த் ஆனது என்பதால் காயிலுக்கு பெட்டி வழியாகவே நியூட்ரல் கிடைத்துவிடும். இனி ஸ்டாப்பை அழுத்தினால் எதுவும் நடக்காது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஏ2 நேராக நியூட்ரலுக்கு, காயிலை நிறுத்தவேண்டிய காண்டாக்டுகள் பேஸ் பக்கம் என்பது கட்டாயம். கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அதன் செகண்டரியில் ஒரு முனையை எர்த் செய்வதற்கும் இதேதான் காரணம். எர்த் செய்யாமல் மிதக்கவிட்டால் முதல் உரசலை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் எதுவும் விழாது. இரண்டாவது உரசல் ஸ்டாப் பட்டனைச் சுற்றி ஒரு குறுக்குவழி போட்டுவிடும்.

எமர்ஜென்சி பட்டனில் என்சி, அதாவது அழுத்தாதபோது மூடியிருக்கும் காண்டாக்ட் வைப்பதும் இதே யோசனைதான். வயர் அறுந்தாலோ கழன்றாலோ மெஷின் நிற்கும், அதனால் கோளாறு உடனே தெரியும். அழுத்தும்போது மட்டும் மூடும் என்ஓ வைத்திருந்தால் வயர் அறுந்தது, அவசரத்தில் அழுத்தும் அன்றைக்குத்தான் தெரியவரும். பிரஸ் மாதிரி கை நசுங்கக்கூடிய மெஷினுக்கு ஒற்றை என்சி போதாது. கான்டாக்டரின் முனைகளே ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், இரண்டு சேனல் கொண்ட சேஃப்டி ரிலே, தொடராக இரண்டு கான்டாக்டர், அவை விழுந்தனவா என்று திரும்பிப் பார்க்கும் காண்டாக்ட் என்று போக வேண்டும்.

“அண்ணா, மெயின் ஆஃப் பண்ணியாச்சு” என்று தம்பி சொன்னதும் அண்ணனின் கை உள்ளே போகிறது. மெயின் ஆஃப் ஆனாலும் அந்த மெயின் ஸ்விட்சின் மேல்பக்க டெர்மினல்களில் 415 வோல்ட் அப்படியே நிற்கிறது. கேபிள் வந்து சேரும் இடம் அதுதானே. கழன்று விழாத மூடி அங்கே இருக்க வேண்டும், “மெயின் ஆஃபிலும் உயிர் உண்டு” என்ற எச்சரிக்கை அதன்மேல் இருக்க வேண்டும், வேலை செய்பவர்களுக்குப் புரியும் மொழியில். பேனலில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால் அதன் கெப்பாசிட்டர்களில் ஏறக்குறைய 590 வோல்ட் டிசி சேர்ந்திருக்கும், இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். எத்தனை நிமிடம் என்று டிரைவின் மூடியிலேயே எழுதியிருப்பார்கள். மெஷினின் கண்ட்ரோல் கம்ப்யூட்டரான பிஎல்சிக்கு யுபிஎஸ்ஸிலிருந்து வரும் சப்ளை மெயினோடு அணையாது. ஒரு மெஷினை இன்னொன்றோடு கட்டிவைக்கும் இன்டர்லாக்குக்காகப் பக்கத்துப் பேனலிலிருந்து வரும் வயர்தான் மோசமானது, ஏனென்றால் அதன் ஸ்விட்ச் இந்தப் பெட்டியிலேயே இல்லை. இப்படிப்பட்ட வயர்களுக்கு ஆரஞ்சு நிறம் கொடுத்துத் தனி டெர்மினல் வரிசையில் வைக்கச் சொல்கிறது ஐஇசி 60204. எமர்ஜென்சி பட்டனை அழுத்தியிருப்பதைப் பார்த்து பேனலில் கை வைக்கிறவர்களும் உண்டு. அது மெஷினை நிறுத்தும், பேனலை அணைக்காது.

கரண்ட்டைச் சிறிதாக்கி மீட்டருக்கு அனுப்பும் சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இன்னொரு வகை. லோடு ஓடும்போது சிடியின் செகண்டரி வயரைக் கழற்றினால் அந்த இரு முனைகளுக்கு நடுவே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல்கூட ஏறலாம். அதனால் சிடி வயரில் ஃபியூஸ் போடக்கூடாது, ஷார்ட் லிங்க் போடும் வசதியுள்ள டெர்மினல்தான் வைக்க வேண்டும். மீட்டரை மாற்ற வருகிறவர் முதலில் லிங்க்கைப் போட்டுவிட்டு அப்புறம் வயரைக் கழற்றுவார்.

கரண்ட் இல்லை என்று உறுதிசெய்ய நியான் டெஸ்டரை நம்பக்கூடாது. அது எரிவதே தொடுகிறவரின் உடம்பு வழியாகப் போகும் சிறு கரண்ட்டில்தான். உலர்ந்த மரப்பலகைமேல் ரப்பர் ஷூவோடு நின்றால் மங்கும், வெயிலில் தெரியாது. இரண்டு புரோப் வைத்த டெஸ்டரையோ மீட்டரையோ முதலில் உயிருள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அணைத்த இடத்தில் பேஸுக்குப் பேஸ், பேஸுக்கு எர்த் என்று எல்லாம் பார்க்க வேண்டும். மறுபடி உயிருள்ள இடத்தில் வைத்து, நடுவில் மீட்டர் சாகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இதெல்லாம் முடிந்தாலும் மெயின் கைப்பிடியில் பூட்டு தொங்க வேண்டும், சாவி வேலை செய்கிறவரின் பாக்கெட்டில்.

பட்டறைச் சோதனையில் வரிசை முக்கியம். டிராயிங்கை வைத்து வயர் வயராகக் கன்டினியூட்டி (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்பது), எர்த் கன்டினியூட்டி, பிறகு இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர். மெக்கருக்கு முன்னால் டிரைவ், பிஎல்சி, மீட்டர், சர்ஜ் பாதுகாப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் 500 வோல்ட் அவற்றுக்குள் போய்விடும். ஐஇசி 61439 கேட்கும் குறைந்தபட்சம் வோல்ட்டுக்கு 1,000 ஓம். 415 வோல்ட்டுக்கு அரை மெகா ஓம்கூட வராது. ஆனால் புதிதாகச் செய்த, ஈரமில்லாத பேனல் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டும். 2 மெகா ஓம் காட்டுகிற புதுப் பேனல் விதிப்படி பாஸ்தான், நானாக இருந்தால் அனுப்ப மாட்டேன். எங்கோ தூள் இருக்கிறது, அல்லது ஒரு வயர் நசுங்கியிருக்கிறது. மெக்கருக்குப் பிறகு ஹைவோல்டேஜ் சோதனை. 415 வோல்ட் பேனலின் பவர் சர்க்யூட்டுக்கு அந்தத் தரம் சொல்வது 1,890 வோல்ட் ஏசி. அந்த நேரத்தில் பேனலைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை விலக்கி நிற்கவைக்க வேண்டும்.

கடைசியில் முதன்முறை கரண்ட் கொடுப்பது. பட்டறைகளில் சீரீஸ் லேம்ப் என்ற பழைய உத்தி உண்டு. 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுக் கண்ட்ரோல் சப்ளை கொடுப்பார்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், பேனலில் எதுவும் கருகாது. பொருளைக் காப்பாற்ற நல்ல உத்தி. ஆளைக் காப்பாற்றும் என்று நினைத்தால் தப்பு. அந்தப் பல்பு வழியாக 0.4 ஆம்பியருக்கு மேல் வரும், அதாவது 400 மில்லி ஆம்பியர். கரண்ட் கசிந்தால் துண்டித்து உயிரைக் காப்பதற்காக வைக்கும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்குள் விழ வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சோதனை மேஜைக்கு வரும் சப்ளையில் அந்த ஆர்சிசிபி இருக்க வேண்டும், கீழே ஐஎஸ் 15652 முத்திரையுள்ள ரப்பர் மேட் இருக்க வேண்டும், கூட இன்னொருவர் இருக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு புரோப் ஆம்பியர் துளையில் செருகியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அப்படியே இரண்டு பேஸில் வைத்தால் மீட்டர்தான் ஷார்ட்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. பெங்களூர் வானிலை பேனல் சோதிப்பவர்களை ஏமாற்றும். 27 டிகிரியில் நாள் முழுக்க ஓடி, டிரிப் ஆகாமல் பாஸ் ஆன பேனல் ராய்ச்சூரில் மே மாதம் தகர ஷெட்டுக்குள் நிற்கும்போது வேறு கதை. ஐஇசி 61439 தரத்தின் கணக்கு, பேனலுக்கு வெளியே அதிகபட்சம் 40 டிகிரி, 24 மணி நேரச் சராசரி 35-க்கு மேல் போகாது என்பது. அதற்கு மேல் என்றால் எம்சிசிபியும் கான்டாக்டரும் பெயர்ப்பலகையில் இருக்கும் ஆம்பியரைத் தராது. உயரமும் கணக்கில் வரும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் பெங்களூரில் பிரச்சினை இல்லை. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பேனல் போகிறது என்றால், தரம் சாதாரண நிலை என்று சொல்லும் 2,000 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. மெலிந்த காற்று சூட்டையும் குறைவாகத்தான் எடுத்துப்போகும், வோல்டேஜையும் குறைவாகத்தான் தாங்கும். ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டிய விஷயம்.

இவ்வளவும் தெரிந்தவர்கள் பீனியாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெரியாமல் நடப்பதைவிட நேரமில்லாமல் நடப்பதுதான் அதிகம். வயரிங் பல இடங்களில் பேனலுக்கு இவ்வளவு என்று பேசிய லேபர் காண்டிராக்ட். டார்க் வைத்து இறுக்க ஆகும் நேரத்துக்கு அந்தத் தொகையில் இடமில்லை. மாதக் கடைசியில், அதுவும் மார்ச் மாதக் கடைசியில், லாரி வாசலில் நிற்கும்போது மெக்கர் எடுப்பதுதான் முதலில் விடுபடும். இதை வயர்மேனின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போவது வாங்குகிறவர்களுக்கு வசதி. மாற்ற வேண்டுமென்றால் அவர்கள்தான் மாற்ற முடியும். பர்ச்சேஸ் ஆர்டரில் டிரான்ஸ்ஃபார்மரின் கேவிஏவும் கேபிள் நீளமும் எழுதிக் கொடுக்கலாம். பவர் டெர்மினல்களின் டார்க் அளவையும் மெக்கர் காட்டிய எண்ணையும் கேட்கலாம், “ஓகே” என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பலாம். அதற்கான கூலியை விலையில் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். பட்டறையில் கடைசி நேரத்தில் மாற்றிய வயர்களைச் சிவப்புப் பேனாவால் திருத்திய டிராயிங் ஒன்று கதவின் உள்பக்கப் பாக்கெட்டில் இருக்கிறதா என்று பேனல் வந்து இறங்கிய அன்றே பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பாக்கித் தொகையைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டும், அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்காது.